ஆங்கில வகுப்பில் அம்மம்மாவின் கதை



இந்த இலக்கியத் தொடரிலே இதுவரை பேசியவர்கள் கவிஞர்கள், நாவலாசிரியர்கள், விமர்சகர்கள். நான் இவர்களில் ஒருவனும் அல்லன். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஓர் ஆங்கில ஆசிரியன். அந்தக் காலத்தின் பெரும்பகுதி யாழ்ப்பாணம் குருநகரிலே கழிந்தது. இலக்கியத் தொடரில் ஆங்கில வாத்தியாருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாட்டார் வழக்காறு என்று அறிஞர்கள் சொல்லுகின்ற விஷயத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. தரம் ஒன்பது மாணவர்களின் ஆங்கிலக் கொப்பிகளிலேதான் படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

குருநகரை அறியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. யாழ்ப்பாண நகரத்தின் தென்கரையில், கடலேரியை முகம் பார்த்தபடி இருக்கும் ஊர் அது. கரையூர் என்பது பழைய பெயர். எதிரே மண்டைதீவு. ஊர் நடுவே புனித யாகப்பர் ஆலயம். பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர்கள், கடற்றொழில்தான் சீவியம். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த பிள்ளைகள். கூத்துப் பாட்டும் அம்பாப் பாட்டும் காதிலே விழுந்து வளர்ந்த பிள்ளைகள். ஆனால் ஆங்கிலப் பாடம் என்றால் அவர்களுக்குத் தொண்டை அடைத்துவிடும்.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்த காலம். ஒரு தவணைப் பரீட்சைக்கு 'புகைவண்டிப் பயணம்' என்று ஒரு கட்டுரை கொடுத்தோம். திருத்த உட்கார்ந்தால் எல்லாக் கொப்பியிலும் ஒரே கட்டுரை. மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. மாமா புகையிரத நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறார். எல்லாரும் களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புகிறார்கள். எல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலே மனப்பாடம் செய்தது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் 1990 ஜூனிலே நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் திரும்பி வந்தது. அந்த வகுப்பிலே இருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதுவரை ரயிலைக் கண்ணாலே கண்டதில்லை. காணாத வண்டியிலே ஏறி, இல்லாத மாமா வீட்டுக்குப் போய், பிழையில்லாத ஆங்கிலத்திலே திரும்பி வந்திருந்தார்கள். நானும் பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு எனக்கு ஒரு வெட்கம் வந்தது. இந்தப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஒன்றையாவது ஆங்கிலத்திலே சொல்ல நான் என்றைக்காவது இடம் கொடுத்தேனா என்று யோசித்தேன்.

அடுத்த கிழமை வகுப்பிலே, "வீட்டிலை ஆச்சி, அம்மம்மா, அப்பு சொன்ன கதை ஒண்டைக் கொண்டு வாருங்கோ. பேய்க்கதை எண்டாலும் பறவாயில்லை" என்றேன். பேய்க்கதை என்றதும் பின்வாங்கு நிமிர்ந்தது.

வேலையை நான்காகப் பிரித்தேன். முதலாம் நாள் கதையைத் தமிழிலேயே சொல்ல வேண்டும். நடுவிலே யாரும் திருத்தக்கூடாது. இரண்டாம் நாள் அந்தக் கதைக்கு வேண்டிய சொற்களைக் கரும்பலகையிலே சேர்ப்போம். ஆங்கிலத்திலே சொல் இருந்தால் எடுப்போம். இல்லாவிட்டால் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்திலே எழுதி, அது என்ன என்று ஒரு வசனத்தில் விளக்குவோம். சோளகத்துக்குத் 'தென்மேற்குக் காற்று' என்று ஆங்கிலத்திலே எழுதலாம்தான். ஆனால் சோளகம் பெயர்ந்தால் எந்த மீன் படும், எந்த வலை இறங்கும் என்பதெல்லாம் அந்தச் சொல்லோடேயே வருகின்ற சங்கதிகள். ஆகவே சோளகம் சோளகமாகவே நின்றது. மூன்றாம் நாள் எழுதுவது. நான்காம் நாள் பக்கத்திலே இருப்பவனுக்கு வாசித்துக் காட்டி, விளங்காத இடத்தைத் திருத்துவது.

கதைகள் வந்தன. ஒரு பிள்ளை சிலுவை நண்டின் கதையைக் கொண்டு வந்தாள். முதுகிலே சிலுவை அடையாளம் உள்ள நண்டு நம் கடலிலும் படுவதுண்டு. புனித சவேரியாரின் சிலுவை புயலிலே கடலுக்குள் விழுந்ததென்றும், மறுநாள் ஒரு நண்டு அதைக் கால்களிலே ஏந்திக் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்ததென்றும் கதை. பதினாறாம் நூற்றாண்டிலே, இந்தோனேசியாப் பக்கத்து மொலுக்காத் தீவுகளிலே நடந்ததாகச் சொல்லப்படுகிற அற்புதம் அது. எங்கள் பிள்ளையோ மன்னார்க் கடலிலே நடந்தது என்று எழுதியிருந்தாள். பிழை என்று சிவப்புப் பேனையை எடுத்தவன் நிறுத்திவிட்டேன். கதை ஓர் ஊருக்கு வந்தால் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துத்தான் உயிர்வாழும். அதைப் பிழை என்று சொல்வதைவிட, "உன்ரை கதை எங்கையிருந்து வந்தது எண்டு தேடிப் பார்" என்று சொல்வது மேல் என்று பட்டது.

இன்னொரு கதையிலேதான் நான் விழுந்தேன்.

ஒரு பையன். படிப்பிலே கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. வலைக்குப் போய்விட்டு வந்து பாதித் தூக்கத்திலே இருப்பான். அவன் எழுதியது அரைப் பக்கம். ஒரு மனிதர் விடியற்காலையிலே வீட்டிலிருந்து புறப்படுகிறார், மனைவியிடம் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்லவில்லை, 'ஐ ஆம் கோயிங்' என்று சொன்னார், அதனாலே வரவில்லை. இவ்வளவுதான் கதை. நான் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்ற வசனத்தைச் சிவப்பு மையாலே வெட்டி, இது ஆங்கிலம் அல்ல, தமிழின் நேர்மொழிபெயர்ப்பு என்று பக்கத்திலே எழுதி, 'ஐ ஆம் கோயிங்' என்பதே சரி என்று அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன்.

பையன் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், அப்பிடி எழுதேலாது. எங்கடை வீட்டிலை 'போறன்' எண்டு சொன்னா அம்மம்மா அடிப்பா."

"இது கதைதானேயடா, தம்பி" என்றேன்.

"கதை இல்லை சேர். அது அம்மப்பா."

நேயர்களே, 1986 ஜூன் 10ஆம் திகதி தொழிலுக்குப் போன குருநகர்க் கடற்றொழிலாளர்கள் 31 பேர் மண்டைதீவுக் கடலிலே வைத்துக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்பது ஊராரின் சாட்சியம். அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர்தான் இந்தப் பையனின் அம்மப்பா. பையன் பிறந்தது அதற்குப் பிறகு. அவன் அவரைக் கண்டதில்லை. அவனுக்கு அவர் விட்டுப் போனது ஒரு கட்டளை மட்டும்தான்: இந்த வீட்டிலே யாரும் 'போறன்' என்று சொல்லக்கூடாது.

போகும்போது 'போட்டு வாறன்' என்று சொல்லுவது தமிழர் எல்லாருக்கும் பொதுவான வழக்கம்தான். ஆனால் அந்த வீட்டிலே அதற்கு ஒரு திகதி இருந்தது. வழக்கம் ஊருக்குப் பொது. அதை ஏன் விடாமல் பிடித்திருக்கிறோம் என்பதற்கான காரணம் வீட்டுக்கு வீடு வேறு. இதை நான் எந்த ஆராய்ச்சி நூலிலும் வாசிக்கவில்லை. என்னுடைய சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்துதான் வாசித்தேன்.

அன்று பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லலாம். அம்மம்மா வாசலிலே வலை பொத்திக்கொண்டிருந்தார். பையன் எல்லாம் சொல்லியிருக்கிறான். என்னைக் கண்டதும் இருக்கச் சொல்லி, தேத்தண்ணி தந்து, ஒரு கேள்வி கேட்டார்:

"ஏன் மாஸ்ரர், இங்கிலீசிலை 'வாறன்' எண்டு சொல்ல ஏலாதோ?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆங்கிலத்திலே அதற்கு வேறு வழி இருக்கிறது, திரும்பி வருவேன் என்று சொல்லலாம் என்று ஏதோ சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அது பிறகு சொல்லுறது. புறப்படேக்கை சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார்.

இன்று அந்தக் கேள்விக்கு என்னிடம் ஓரளவு பதில் உண்டு. 'கோ அண்ட் கம்' என்பது இலங்கையிலே தமிழரும் சிங்களவரும் ஆங்கிலம் பேசும்போது வழங்குகின்ற தொடர். சிங்களத்திலும் போய்வருகிறேன் என்றுதான் சொல்லுவார்கள். 2007இல் மைக்கல் மெய்லர் என்பவர் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். நம் வாயிலே வளர்ந்த ஆங்கிலம் பிழையல்ல, ஒரு வகை என்று இப்போது பேசுகிறார்கள். ஆனால் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் அப்படி நினைப்பாரா என்பது வேறு விஷயம். அந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை ஒரு வாசல். அந்த வாசலை மறித்துக்கொண்டு நான் இலக்கியம் பேச முடியாது. ஆகவே கொப்பியை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்தோம். இடது பக்கம் கதையின் மொழி. வலது பக்கம் பரீட்சையின் மொழி. இடது பக்கத்திலே 'கோ அண்ட் கம்' நின்றது. சிவப்பு மை வலது பக்கத்துக்கு மட்டும் என்று விதி வைத்தோம்.

இதனாலே பெறுபேறுகள் திடீரென்று வானத்துக்கு ஏறிவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. ஏறவில்லை. "பேய்க்கதை எழுதவோ பிள்ளையை அனுப்பினனாங்கள்?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு, அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. நடந்த மாற்றம் ஒன்றுதான்: பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். அரைப் பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. பிழையும் மும்மடங்காயிற்று. பிழை விடவாவது வசனம் வேண்டுமே.

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆறு வருடம் கழித்து, 2009இலே, வேறொரு வகுப்பிலே, வேறொரு பிள்ளை ஒரு கதை எழுதினாள். முன்னொரு காலத்திலே ஒரு மீனவன் மூன்று தரம் 'போறன்' என்று சொன்னான். கடல் கோபங்கொண்டு அவனைக் கொண்டு போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்லுறவை, சேர்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கண் முன்னாலே ஒரு நாட்டார் கதை பிறந்திருக்கிறது. ஒரு தரம் மூன்று தரமாகிவிட்டது. நாட்டார் கதைக்கு மூன்று என்ற எண்ணிலே பிரியம் அதிகம். அம்மப்பா 'ஒரு மீனவன்' ஆகிவிட்டார். 1986 'முன்னொரு காலம்' ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொன்றவர்கள் காணாமற் போய்விட்டார்கள். அந்த இடத்திலே கடல் வந்து நிற்கிறது. கடலா கொன்றது? மனிதரல்லவா கொன்றார்கள்!

கதை துக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். ஆனால் திகதியையும் பெயரையும் கைவிட்டுவிடும். ஏன் கைவிடுகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. பெயர் சொல்லப் பயந்த வருடங்கள் பல இருந்தன. யார் செய்தது என்று உரத்துச் சொல்ல முடியாதபோது கடல் செய்தது என்று சொல்லித்தான் பிள்ளைக்கு ஒரு விஷயத்தைக் கடத்த முடியும். பயத்தின் நடுவிலே அந்தக் கதை பொய்யல்ல. அது ஒரு மறைப்பு. ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் கதை பிழை என்று சொல்லவில்லை. "இந்தக் கதையிலை இருந்து என்னென்ன விழுந்து போச்சுது எண்டு வயது போன ஆக்களிட்டைக் கேட்டு, அடியிலை எழுதிக்கொண்டு வா" என்றேன். அவள் எழுதிக்கொண்டு வந்தாள். கதை மேலே, திகதி கீழே. அன்றிலிருந்து அதுவே எங்கள் வகுப்பு வழக்கமாயிற்று.

வதந்தி இதற்கு நேர் எதிர்த் திசையிலே போகிறது என்பதை 2011இலே கண்டோம். அந்த ஓகஸ்ட் மாதம் நாடு முழுவதையும் கிறீஸ் பூதம் ஆட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மனிதன் இரவிலே வருகிறான், பெண்களைத் தாக்குகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறான் என்று பேச்சு. மலையகத்திலும் கிழக்கிலும் எழுந்த பயம் வடக்குக்கு வந்தது. புத்தளத்திலே ஆத்திரமடைந்த கூட்டத்தின் கையிலே ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். எங்களுக்கு அயலான நாவாந்துறையிலே, ஊராருக்கும் படையினருக்கும் மோதல் ஏற்பட்டு, ஒரே இரவிலே ஏறத்தாழ நூறு பேர் கைதானார்கள். அடிபட்டு ஆஸ்பத்திரியிலே கிடந்தவர்களும் உண்டு.

செப்டெம்பரிலே மூன்றாந் தவணை தொடங்கியபோது பிள்ளைகளின் வாயிலே வேறு கதை இல்லை. எனக்கோ பாடத்திட்டப்படி பிறர் கூற்றைப் படிப்பிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தேன். கிறீஸ் பூதத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எழுதுங்கள், ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் மூன்றிலே ஒன்றாகத் தொடங்க வேண்டும்: நான் கண்டேன், இன்னார் எனக்குச் சொன்னார், இப்படிச் சொல்லப்படுகிறது. தன் கூற்று, பிறர் கூற்று, செயப்பாட்டு வினை மூன்றும் ஒரே பாடத்திலே முடிந்தன.

எழுதி முடித்ததும் எண்ணச் சொன்னேன். 'நான் கண்டேன்' என்று பூதத்தைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. 'இன்னார் சொன்னார்' என்பதிலே பெரும்பாலும் சித்தியின் சிநேகிதி, அண்ணனோடு வேலை செய்கிறவரின் மச்சான். மிச்சமெல்லாம் 'சொல்லப்படுகிறது'. அமெரிக்காவிலே ஜான் ஹரோல்ட் புருன்வான்ட் என்ற பேராசிரியர் 1981இலே வெளியிட்ட நூலிலே நகரத்துக் கட்டுக்கதைகளைப் பற்றி இதைத்தான் சொன்னார்: நடந்தது எப்போதும் நண்பனின் நண்பனுக்குத்தான். காரிலே ஏறி நடுவழியிலே மறைந்துபோகும் பெண்ணின் கதையை அவர் ஆராய்ந்தார். அது குதிரை வண்டிக் காலத்திலிருந்தே வருகிறதாம். நம்மூரிலே மோட்டார் சைக்கிளை மறிக்கும் வெள்ளைச்சேலைக்காரி அவளுக்குத் தங்கை முறை.

ஆனால் வகுப்பிலே ஒரு பையன் எழுந்தான். நாவாந்துறையிலே அவனுக்குச் சொந்தக்காரர்கள். "சேர், என்ரை கொப்பியிலை 'நான் கண்டேன்' எண்டு ஒரு வசனம் இருக்குது" என்றான். பூதத்தை அல்ல, விடியவிடிய ஆட்களை இழுத்துக்கொண்டு போனதைக் கண்டேன் என்று எழுதியிருந்தான். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அந்த வசனத்தைத்தான் அன்றைக்குக் கரும்பலகையிலே எழுதினேன். வதந்தி சாட்சியை உதிர்த்துவிட்டுப் பயத்தை மட்டும் சுமந்து வருகிறது. ஆனால் வதந்தியிலே பிறந்த இரவிலே நடந்தது வதந்தியல்ல. இரண்டையும் ஒரே சாக்கிலே போட்டு, எல்லாம் கட்டுக்கதை என்று சிரிப்பதும் தவறு. எல்லாம் உண்மை என்று தடி எடுப்பதும் தவறு. முறைப்பாடு சொல்லப் போகும் இடத்திலே நம்பிக்கை இல்லாத ஊரிலேதான் பூதம் இலகுவாக நடமாடும். இதைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஆங்கில வசனங்களை எண்ணியே கண்டுபிடித்தார்கள்.

நேயர்களே, இதெல்லாம் புதுமை என்று நான் உரிமை கொண்டாட முடியாது. வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையை எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டிலே, தமிழ் கற்கவந்த ஐரோப்பியருக்காக. அதையே பெஞ்சமின் பாபிங்டன் 1822இலே இலண்டனிலே ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். எங்கள் யாழ்ப்பாணத்திலேயே, ஆறுமுக நாவலரைத் தமது பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணையாகக் கொண்டிருந்த பேர்சிவல் பாதிரியார், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு 1843இலே 'திருட்டாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். நாட்டார் வழக்காற்றைக் குறிக்கும் 'ஃபோக்லோர்' என்ற சொல்லை ஆங்கிலத்திலே வில்லியம் தோம்ஸ் உண்டாக்கியது அதற்கும் மூன்று வருடம் பின்னாலே, 1846இலே. வெள்ளைக்காரன் நம் கதையைப் படித்து நம் மொழியைக் கற்றான். நம் பிள்ளைகளோ தமக்கு உரியதல்லாத கதையை மனப்பாடம் செய்து அவன் மொழியைக் கற்கிறார்கள். அவன் வந்த வழியிலே நாம் திரும்பிப் போனால் என்ன என்பதுதான் என் கேள்வி.

வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றோர் ஊரூராய்த் திரிந்து நாட்டார் பாடல்களைச் சேர்த்தார்கள். பேராசிரியர் இ. பாலசுந்தரத்தின் 'ஈழத்து நாட்டார் பாடல்கள்' என்ற ஆய்வுநூல் 1979இலே வந்தது. அவர்கள் சேர்த்தவை நூலகத்திலே இருக்கின்றன. சேர்க்காதவை வீடுகளிலே, வலை பொத்தும் கைகளோடு இருக்கின்றன. ஒவ்வொரு மரண அறிவித்தலோடும் அவற்றில் ஒன்று போகிறது. இன்று கதைகள் கைத்தொலைபேசியிலே நொடியிலே நூறு பேருக்குப் போகின்றன. நான் கண்டேன், இன்னார் சொன்னார், சொல்லப்படுகிறது என்ற அந்த மூன்று வசனங்களும் 2011ஐ விட இப்போதுதான் அதிகம் தேவை.

ஆசிரியர்களாக இருக்கும் நேயர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தவணை ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். பிள்ளைகள் வீட்டுக் கதையைக் கொண்டு வரட்டும். கீழே திகதியை எழுதட்டும். சிவப்புப் பேனையை எடுப்பதற்கு முன்னாலே, இதை யார் சொன்னது என்று ஒரு தரம் கேளுங்கள்.

அந்த அம்மம்மா இப்போது இல்லை. பேரன் தொழிலுக்குப் போகிறான். வழியிலே கண்டால் நின்று கதைப்பான். சென்ற முறை கண்டபோது தன் மகளுக்கு ஆங்கிலம் படிப்பிப்பதாகச் சொன்னான். மோட்டார் சைக்கிளிலே ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "சேர், ஐ வில் கோ அண்ட் கம்" என்றான். நான் திருத்தவில்லை.

நேரம் முடிகிறது. விடைபெறுகிறேன் என்று சொல்லித்தான் வானொலியிலே பேச்சை முடிப்பது வழக்கம். குருநகரிலே இத்தனை வருடம் இருந்தவனுக்கு அது வாயிலே வரமாட்டேன் என்கிறது.

போட்டு வாறன்.